இரண்டு பேர் பெயரில் ஒரு கார்டு

1

போன வாரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் தங்கை மல்லிகாவின் மகளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் கனடாவிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்திருக்கிறேன். முகூர்த்தப் புடவை, நிச்சயப் புடவை, சம்பந்தி வீட்டாருக்கு வைத்துக் கொடுப்பது என்று பாயில் குவிந்து கிடந்ததையெல்லாம் மடித்துக் கல்லாவுக்கு எடுத்துப் போனார்கள். பில் வந்தது. மல்லிகா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா கிட்ட கனடா கார்டு இருக்குது. அதுல போட்டுக்கோங்கண்ணே."

கடைக்காரர் சிரித்தார். "அவங்களுக்கு இன்னாம்மா, வெளிநாட்டுக் கார்டு. தேய்ச்சிக்கினே இருக்கலாம்."

கூட வந்திருந்த உறவுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். முகூர்த்தப் புடவை என் செலவு என்று முன்பே சொல்லியிருந்தேன்; மற்றவற்றுக்கும் சேர்த்தே கொடுத்தேன். கொடுத்ததில் வருத்தமில்லை. என் தங்கை மகளுக்கு நான் செய்யாமல் யார் செய்வது? ஆனால் 'தேய்ச்சிக்கினே இருக்கலாம்' என்ற அந்தச் சிரிப்பு வீடு வரை கூடவே வந்தது.

பதினேழு வருடமாக ஊருக்கு வரும்போதெல்லாம் இதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுவிட்டேன். வாயால் பதில் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள், இல்லாவிட்டால் அழுகிறேன் என்பார்கள். அதனால் எழுதுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் மல்லிகா வீட்டு மாடியறை. கீழே பந்தல்காரரோடு அவள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைத் தேட இன்னும் கொஞ்ச நேரமாகும்.

2

நான் அங்கே என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் பலருக்குத் தெரியாது. டொரன்டோவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றிவந்து அவரவர் தெருவில் இறக்க வேண்டும். பனிக்காலத்தில் இருட்டோடு போய் வண்டிக் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி எடுத்தால்தான் சாலை தெரியும். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அதைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை.

போன புதிதில் இந்த வேலை இல்லை. ரகுவின் மனைவியாகப் போனேன், அவ்வளவுதான். ரகுவும் இந்த ஊர்க்காரர். கணினி வேலையில் முன்பே அங்கே போனவர். நான் போய் இறங்கிய சில நாட்களில், கடன் என்ற சொல்லுக்கு அந்த நாட்டில் என்ன பொருள் என்று அவர்தான் விளக்கினார்.

நம் பக்கத்தில் கடன் இல்லாதவர் நல்லவர். அங்கே கடனே வாங்காதவரை யாரும் நம்ப மாட்டார்கள். கடன் வாங்க வேண்டும், சொன்ன தேதிக்குள் கட்ட வேண்டும். இதை மாதாமாதம் யாரோ குறித்துவைத்து, அதிலிருந்து 'ஸ்கோர்' என்று ஒரு எண் போடுவார்கள். முந்நூற்றிலிருந்து தொள்ளாயிரம் வரை அது போகும். வாடகை வீடு, கார், சில நேரம் செல்போன் இணைப்புகூட அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிடைக்கும். புதிதாக வந்தவருக்கு எண்ணே கிடையாது. அதற்காகத்தான் முதலில் கிரெடிட் கார்டு.

கார்டு வேலை செய்யும் விதம் எளிதுதான். மாதத்தில் ஒரு நாள் கணக்கை முடித்துப் பில் அனுப்புவார்கள். அங்கிருந்து மூன்று வாரம் போல அவகாசம். அதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி இல்லை. முடியாதவருக்காக, குறைந்தது இவ்வளவு கட்டு என்று ஒரு சிறிய தொகையும் பில்லில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினாலும் தேதி தவறாதவர் என்ற பெயர் நிற்கும். ஆனால் மீதிக்கு வட்டி ஓடும். நீங்கள் கட்டுவது பெரும்பாலும் வட்டிக்கே போகும், அசல் அசையாது. ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. கொடுத்த வரம்பு முழுக்கச் செலவு செய்தால், ஒழுங்காகக் கட்டினாலும்கூட எண் இறங்கும்.

எங்கள் மகள் நிலா பிறந்த பிறகு ஒரு நாள் ரகு ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார்.

"ரெண்டு பேர் பேர்லயும் சேத்து ஒரு கார்டு எடுத்துக்கலாம் வசந்தி. உனக்குன்னு ஒரு ஸ்கோர் வளரும். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ நடுத்தெருவுல நிக்கக்கூடாது."

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அன்று அவர் அதை மனசாரச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கிறேன். பல வருடம் அந்தக் கார்டில் மளிகை வாங்கினோம், ஊருக்கு வர டிக்கெட் எடுத்தோம். தேதி தவறாமல் கட்டினோம். என் எண் ஏறியது. நான் பார்த்ததில்லை, அவர்தான் பார்த்துச் சொல்லுவார்.

3

அப்புறம் ரகுவுக்கு ஓட்டல் வைக்க ஆசை வந்தது. நண்பர் ஒருவரோடு கூட்டு. கம்ப்யூட்டர் வேலையை விட்டார். ஓட்டல் ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. அதைக் காப்பாற்ற அந்தக் கார்டிலிருந்து வரம்பு தொடும் வரை ரொக்கமாக எடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பில் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும்.

பிறகு கால்கரியில் வேலை கிடைத்தது என்று போனார். நான்கு மணி நேரம் விமானத்தில் போக வேண்டிய ஊர். முதலில் வாரா வாரம் போன் வந்தது. அப்புறம் நிலாவிடம் மட்டும் பேசினார். ஒரு நாள் என்னிடமும் பேசினார்.

"நான் வர்ல வசந்தி. கோச்சிக்காத. நமக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு உனக்கே தெரியும்."

அது எனக்குத் தெரியாது. அடுத்த தெருவில் கடை மூடியிருக்கிறது என்பதுபோல அதைச் சொன்னார்.

வக்கீல் வைத்துப் பிரிவு ஒப்பந்தம் எழுதினோம். நிலா என்னோடு, விடுமுறைக்கு அவரிடம். அந்தக் கார்டில் இருக்கும் கடன் முழுவதும் ரகுவின் பொறுப்பு என்று ஒரு பத்தி தெளிவாக இருந்தது. வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது, இதாவது தலையைவிட்டுப் போயிற்றே என்று மூச்சு விட்டேன்.

அந்த வருடம்தான் நாங்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்றார். நானும் நிலாவும் இருக்க இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்தேன். பள்ளிக்குப் பக்கம், வாடகையும் என் சம்பளத்துக்குள். வாடகை அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவிதமாகப் பேசினாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, கொடுக்க முடியாது என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதில் 'டெலின்குவென்ட்' என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. எனக்கு அந்த வார்த்தை பள்ளியிலிருந்து தெரியும். பேருந்தில் அடிதடி செய்யும் பையன்களை அப்படிச் சொல்வார்கள். என் மகளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன்.

அவள் மிகவும் நிதானமாக, "நான் உங்கள் மகளைச் சொல்லவில்லை மேடம். உங்களைச் சொன்னேன்" என்றாள்.

நிலா பக்கத்தில்தான் இருந்தாள். எல்லாம் கேட்டாள். "அம்மா, இட்ஸ் சோ எம்பாரஸிங்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

கடன் கட்டாமல் பாக்கி வைத்தவரையும் 'டெலின்குவென்ட்' என்பார்களாம்; விசாரிக்கக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போனேன். அங்கே துசி என்ற பெண் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்தவள், வளர்ந்தது டொரன்டோவில். என் பெயரைப் பார்த்ததுமே தமிழில் பேசினாள். ஒப்பந்தத்தை அவள் முன்னால் வைத்து, அந்தப் பத்தியை விரலால் காட்டினேன். திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவர் கன மாசமாக் கட்டேல்ல அக்கா."

"அவரு கட்லன்னா அவரைக் கேளும்மா. எனக்கேன் வீடு குடுக்க மாட்டேங்கறாங்க?"

"இது அடிஷனல் கார்ட் எண்டா பிரச்சினை இல்லை. அது அவற்ற கணக்கில உங்களுக்கும் ஒரு கார்ட் தாறது, கடன் அவருக்கு மட்டும். இது ஜொயின்ட். ரெண்டு பேரும் கடன்காரர். ஆளுக்குப் பாதி எண்டில்லை. ரெண்டு பேரும் முழுசுக்கும் பொறுப்பு. அவர் கட்டாட்டி உங்களிட்டத்தான் கேப்பினம். ஒரு மாசம் தாண்டிப் பிந்தினா ரெண்டு பேரிண்ட பேரிலயும் எழுதுப்படும்."

"இதுல எழுதியிருக்குதேம்மா. வக்கீல் எழுதினது."

துசி அந்தத் தாளை என் பக்கமே மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"அது உங்களுக்கும் அவருக்கும் இடையில அக்கா. பேங்க் அதில சைன் பண்ணேல்லத்தானே."

அந்தத் தாளுக்கு வக்கீல் என்னிடம் வாங்கிய காசை நினைத்தேன். வழக்குப் போட்டு ரகுவிடம் வசூலிக்கலாம் என்றாள் துசி. அதற்கும் வக்கீல், அதற்கும் காசு. எப்படியும், தேதி தவறிய இந்தப் பதிவு ஆறு வருடம் வரை என் பெயரில் நிற்கும். இப்போதே கட்டத் தொடங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக எண் ஏறும். அந்தக் கார்டில் இனி யாரும் எதுவும் வாங்க முடியாதபடி நிறுத்திவைக்க ஏற்பாடு செய்தாள். மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது எவ்வளவு குறைவு என்று தெரிந்தது.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தபடி ரகுவைக் கூப்பிட்டேன்.

"என் கிட்ட இப்ப இல்ல வசந்தி. இருந்தா கட்ட மாட்டேனா? நீ மினிமம் மட்டும் போட்டுக்கினு வா. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"வீடு கிடைக்கலப்பா. நிலாவை வெச்சிக்கினு எங்க போறது?"

"அவளை இங்க அனுப்பிடேன்."

போனை வைத்துவிட்டேன்.

5

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். மல்லிகாவிடம் சொன்னேன், அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா போனில் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பாரு. நான் கட்டலியா?"

அது உண்மைதான். என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்தார். பட்டும் சரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. தன் தங்கைக் கல்யாணத்துக்காக அப்பா முதலாளியிடம் பெரிய தொகை முன்பணம் வாங்கியிருந்தார். அதை அடைக்குமுன் மார்வலியில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தறி நிக்கக்கூடாதும்மா" என்றார்.

அம்மா தறியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு புடவைக்கும் கூலியில் பாதி கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். நான் கல்லூரி முடிக்கும் வரை கழித்தார்கள். வேறு முதலாளியிடம் போக முடியாது. முன்பணம் தீராமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். யாருடைய கல்யாணத்துக்காக அந்தக் கடனோ, அந்த அத்தை தீபாவளிக்குத் தீபாவளி வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். தெருவில் எல்லோரும் அம்மாவை மெச்சினார்கள். புருஷன் வாங்கினதை ஒரு பைசா பாக்கியில்லாமல் அடைத்தவள் என்றார்கள். அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் அம்மா முகம் இறுகும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் நான் விழுந்து விழுந்து படித்தேன். கடல் தாண்டிப் போனேன். போன இடத்தில் கணக்குப்பிள்ளை வாசலுக்கு வருவதில்லை. கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீயும் கட்னம்மா, சரி" என்றேன். "யாராவது உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"யாரு கேப்பாங்க?" என்றாள். பிறகு நிலா சாப்பிட்டாளா என்று கேட்டாள்.

6

என்னோடு பேருந்து ஓட்டும் பஞ்சாபிப் பெண் ஒருத்தி தன் வீட்டுப் பேஸ்மென்டை எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். அந்த ஸ்கோர் எண்ணைக் கேட்கவில்லை. தரைக்குக் கீழே இரண்டு அறை. ஜன்னலில் பார்த்தால் புல்லின் அடிப்பக்கம் தெரியும். நிலாவுக்கு அங்கே தோழிகளைக் கூட்டிவர வெட்கம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், அப்புறம் தோளைக் குலுக்குவதோடு நிறுத்திக்கொண்டாள்.

காலை ஓட்டத்துக்கும் சாயங்கால ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். வளையல்களை விற்றேன். குறைந்தபட்சத் தொகை கட்டினால் என் ஆயுசுக்கும் தீராது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்; நான் படித்த கணிதம் அதற்காவது உதவியது. அதனால் முடிந்த மட்டும் அதிகமாகவே கட்டினேன். ஒரு தேதி தவறவில்லை. நிலா பள்ளிச் சுற்றுலா போக வேண்டும் என்றபோது இல்லை என்றேன். பிறந்தநாளுக்கு ஒரு ஷூ கேட்டாள். அதற்கும் அடுத்த மாதம் என்றேன். விடுமுறையில் கால்கரி போய் வரும்போது அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா வாங்கிக் கொடுத்தாராம்.

எங்கள் வீட்டில் இல்லை இல்லை என்று சொல்கிறவள் நான். வாங்கிக் கொடுக்கிறவர் அவர். ஒரு குழந்தை அதை வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்? கடன் யாருடையது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். அவள் அப்பாவை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் ஆயிற்று. இந்தப் பனிக்காலத்தில்தான் கடைசித் தவணையைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. கடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நிலா அன்றைக்குத்தான் கால்கரியிலிருந்து திரும்பியிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அதிசயமாகத் தமிழில் பேசினாள்.

"அம்மா, அப்பா வீடு வாங்கிட்டாரு. எனக்குத் தனி ரூம். பேங்க்ல உடனே லோன் ஓகே பண்ணிட்டாங்களாம். த்ரீ இயர்ஸ் முன்னாடி அவர் ஸ்கோர் ரொம்ப பேடா இருந்துச்சாம். இப்ப சூப்பரா ஆயிடுச்சாம்."

"எப்படி ஆச்சாம்?"

"தெரியல. ஹி சேஸ் ஹி வாஸ் பேஷன்ட்."

பொறுமையாக இருந்தாராம். நறுக்கிய மாம்பழத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். கழுவக் கழுவத்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நிச்சயம் செய்துகொள்ள மறுநாள் சமையலறை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன்.

துசியே இருந்தாள். பாக்கி ஒன்றுமில்லை என்று பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதனால் ரகுவின் எண்ணும் ஏறியிருக்குமா என்று நான் கேட்டதும் அவள் கை தளர்ந்தது.

"ஓம் அக்கா. ஜொயின்ட் எண்டா அப்பிடித்தான். நீங்க கட்டினது ஒவ்வொண்டும் அவரும் கட்டினதாத்தான் எழுதுப்பட்டிருக்கும். கடன் குறையக் குறைய அவற்ற ஸ்கோரும் ஏறியிருக்கும். யார் காசு எண்டு அதில பதியிறேல்லை."

என் வளையல்களும், முதியோர் இல்லத்தில் நான் தேய்த்த அண்டாக்களும் அவருக்குக் கதவும் ஜன்னலுமாக எழும்பி நின்றிருக்கின்றன. அந்த வீட்டில் என் மகளுக்குத் தனி அறை. எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது, தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. அப்படி நினைத்துக்கொள்வதுதான் எனக்கும் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது.

"இந்தக் கணக்கை மூடணும்மா" என்றேன்.

துசி தயங்கினாள். "பாக்கி இல்லாட்டி ஒராள் கேட்டாலே மூடலாம். ஆனா இதுதான் உங்கட பழைய கணக்கு. சும்மா திறந்து வைச்சிருந்தா உங்களுக்குத்தான் நல்லம். மூடினா ஸ்கோர் கொஞ்சம் இறங்கக்கூடும்."

"எனக்கு மட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது.

"இல்லை. அவருக்கும் இறங்கலாம்."

"மூடிடும்மா" என்றேன்.